ஆற்றில் போடக்கூடாத இரும்பு: டெல்டாவின் தீயணைப்போருக்குக் கதிரியக்கப் பயிற்சி ஏன் வேண்டும்

தீத்தொண்டு வாரம் வந்தால் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சிவப்பு வண்டி வந்து நிற்கும். காக்கி உடையில் நாலைந்து பேர் இறங்குவார்கள். ஒரு சிலிண்டரைப் பற்றவைத்து, நனைத்த சாக்கை இரண்டு கையாலும் முன்னால் விரித்துப் பிடித்தபடி ஒருவர் நடந்துபோய் அதன்மேல் போர்த்துவார். தீ அடங்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. சாக்கை விரிக்கும் அந்தக் கைகளில் அவசரமே இருக்காது. எது எரிகிறது, எப்படி எரியும், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்தவரின் நிதானம் அது.

அந்த வாரம் ஏப்ரல் 14ஆம் தேதி தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1944ஆம் ஆண்டு அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பருத்திப் பொதிகளும் இருந்தன, வெடிமருந்தும் இருந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. எரிகிற பொருளைவிட அதன் பக்கத்தில் இருக்கும் பொருள்தான் பல நேரம் ஆளைக் கொல்கிறது. தீயணைப்புத் தொழிலின் பாதிப் படிப்பு இதுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது.

டெல்டாவில் அந்தப் படிப்பில் இன்னும் போதிய அளவு சேராத ஒரு பாடம் கதிரியக்கம்.

சொன்னவுடன் எல்லோரும் கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் நினைப்பார்கள். இரண்டும் நமக்குத் தொலைவு. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் அவசரகாலத் திட்டம் வகுக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையும் அங்கேதான். அந்த வட்டத்துக்குள் இருக்கும் தீயணைப்பு நிலையங்களுக்குக் கொஞ்சமாவது பழக்கம் இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் எந்த வட்டத்துக்குள்ளும் வராது. அதனால் நமக்கு இந்தக் கவலை இல்லை என்று முடிவுகட்டிவிடுவது எளிது. ஆனால் உலகத்தில் பொதுமக்கள் கதிர்வீச்சால் செத்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் அணு உலை இல்லை. விரல்நுனி அளவு உலோகத்துண்டுதான் இருக்கிறது. அது மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும், குழாய் பதிக்கும் இடத்திலிருந்து வந்திருக்கும், பழைய இரும்புக் கடையிலிருந்து வந்திருக்கும். இந்த மூன்றும் டெல்டாவில் உண்டு.

நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கிணறு தோண்டியதும் எந்த ஆழத்தில் என்ன பாறை, எங்கே எண்ணெய், எங்கே தண்ணீர் என்று பார்க்க ஒரு கருவியை உள்ளே இறக்குவது அந்தத் தொழிலின் வழக்கம். அந்தக் கருவிக்குள் சீசியம்-137, அமெரிசியம்–பெரிலியம் போன்ற கதிரியக்க மூலங்கள், அதாவது கதிர் வீசும் பொருள்கள், இருக்கும். எண்ணெய், எரிவாயுக் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க இரிடியம்-192 பயன்படுகிறது. திருச்சியில் கொதிகலன் செய்யும் தொழிலுக்கும் இதே முறைதான். அதற்கான கேமரா, ஒரு ஆள் ஒரு கையில் தூக்கிச் செல்லும் பெட்டி. எடை சுமார் 20 கிலோ. ஜீப்பிலோ வேனிலோ ஊர்விட்டு ஊர் போகும். ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் பெரும்பாலும் ராத்திரியில்தான் வேலை நடக்கும். புற்றுநோய் சிகிச்சைக்கு வைத்திருக்கும் மூலங்கள் இன்னொரு பக்கம். இதில் எதுவும் ரகசியமில்லை, சட்டவிரோதமும் இல்லை. எல்லாவற்றுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். முறையாக இருக்கும்வரை ஆபத்தில்லை. விபத்தோ திருட்டோ நடக்கும்போதுதான் சிக்கல், அப்போது முதலில் போய் நிற்பது தாலுகா தீயணைப்பு நிலையத்து வண்டி.

1987இல் பிரேசிலின் கொயானியா நகரத்தில் நடந்ததை டெல்டாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் புற்றுநோய் சிகிச்சை இயந்திரம் கிடந்தது. இரண்டு பேர் அதன் தலைப்பகுதியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம் குளோரைடு. பார்க்க உப்பு மாதிரி, இருட்டில் நீலமாக ஒளிவிட்டது. கடைக்காரர் அதிசயித்துப்போய் உறவினர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார். ஆறு வயதுக் குழந்தை அதைக் கையில் பூசி விளையாடி, அதே கையால் சாப்பிட்டது. நான்கு பேர் இறந்தார்கள், அந்தக் குழந்தையும் ஒன்று. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரை ஸ்டேடியத்தில் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். 249 பேர் மேல் கதிரியக்கத் தூசி இருந்தது.

என் மனதைவிட்டுப் போகாதது இதில் வரும் ஒரு சிறு சம்பவம். குடும்பத்தில் எல்லோருக்கும் உடம்பு கெடுவதற்கு இந்தச் சாமான்தான் காரணம் என்று சந்தேகித்த கடைக்காரரின் மனைவி, மிச்சமிருந்த மூலத்தை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். தீயணைப்புப் படைக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தவர்கள் அதை எடுத்து ஆற்றில் எறிந்துவிடலாம் என்று தயாரானார்கள். அளவுக்கருவியோடு ஒரு இயற்பியலாளர் சரியான நேரத்துக்கு வந்து தடுத்தார். அந்த வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆபத்தான பொருளை ஊரைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் நினைப்பு. வெடிக்கிற பொருளைத் தண்ணீரில் போடுவது எந்த ஊரிலும் தோன்றுகிற யோசனை. பயிற்சி இல்லாத இடத்தில் பழக்கம்தான் கையை நகர்த்தும். நம் ஊரில் ஆறும் வாய்க்காலும் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று எகிப்தில், 2000ஆம் ஆண்டு. நைல் டெல்டாவின் தலைப்பகுதியில் மீத் ஹல்ஃபா என்று ஒரு கிராமம். குழாய்ப் பற்றவைப்பைச் சோதிக்கும்போது தவறிப்போன இரிடியம் துண்டு ஒரு விவசாயியின் கையில் கிடைத்தது. விலையுயர்ந்த உலோகம் என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டார். தோலில் புண் வந்தது. முதலில் தோல் வியாதி என்றே எண்ணினார்கள். அவரும் இறந்தார், சின்ன மகனும் இறந்தான். அங்கேயும் ஆறு, அங்கேயும் வயல், வயலோரத்தில் அங்கேயும் குழாய்.

நம் நாட்டிலும் நடந்தது. டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், 2010 ஏப்ரலில். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், கடையில் உடைக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கதிரியக்க மூலத்தைச் சுற்றி ஈயம் இருக்கும், ஈயத்துக்கு நல்ல விலை. இரும்புக் கடையில் இதைப் பிரிப்பவர் யாரும் தீய எண்ணத்தில் பிரிப்பதில்லை. அன்றைக்குக் கூலிக்காகப் பிரிக்கிறார்.

சரி, தீயணைப்போர் இதில் என்ன கற்க வேண்டும்?

அவர்களுடைய வேலை முழுக்கப் புலன்களை நம்பியது. புகையின் நிறத்தைப் பார்த்து எரிவது டயரா வைக்கோலா என்று சொல்வார்கள். கதவைத் திறக்கும் முன் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். காஸ் கசிந்தால் மூக்கு சொல்லும். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, வாசனையில்லை, சூடில்லை. 1986 ஏப்ரல் 26ஆம் தேதி விடிகாலை செர்னோபிலுக்கு ஓடிய தீயணைப்போர் வெறும் கட்டடத் தீ என்று நினைத்துத்தான் மேலே ஏறினார்கள். கடும் கதிர்வீச்சு நோயால் அந்த ஆண்டே இறந்த 28 பேரில் ஆறு பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் கழற்றிப்போட்ட உடைகள் பின்னால் பல பத்தாண்டுகள் கழித்தும் மருத்துவமனையின் நிலவறையில் கதிர்வீசிக்கொண்டு கிடந்தன. புலன் எட்டாத இடத்தில் கருவி ஒன்றுதான் கண். ஆகவே முதல் தேவை ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கதிர்வீச்சு அளவி, உள்ளே போகிறவர் சட்டையில், அவர் மேல் பட்ட கதிரைக் கூட்டிக் காட்டிச் சத்தமிடும் ஒரு டோசிமீட்டர். அளவியை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். கதிர்வீச்சு மிக அதிகமாக இருந்தால் சில வகைக் கருவிகள் திணறிப்போய்ச் சுழியம் காட்டும். கத்திக்கொண்டிருந்த கருவி திடீரென்று மௌனமானால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காமல் பின்வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் செய்துகாட்டிப் பழக்காமல் கருவியை மட்டும் வாங்கிக் கொடுப்பது பெரிய தவறு.

இரண்டாவது, கதிர்படுவது வேறு, கதிரியக்கத் தூசி ஒட்டுவது வேறு. வெயிலில் நிற்பதற்கும் சேறு பூசிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. மூடிய உலோகக் குப்பியிலிருந்து வரும் கதிர் ஒருவர் மேல் பட்டால், அவர் அந்த இடத்தைவிட்டு வந்தபின் அவரைத் தொடுவதால் நமக்கு ஒன்றும் வராது. தூசியோ தூளோ மேலே ஒட்டியிருந்தால்தான் அது அவரோடு வரும். அப்போதும் மேல் உடுப்பைக் கழற்றினாலே பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். மிச்சத்தைச் சோப்பும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். தீயணைப்போர் வழக்கமாகப் போடும் மூச்சுக்கருவி தூளை உள்ளே விடாமல் தடுக்கும், தடித்த உடையும் கையுறையும் உடம்பில் ஒட்டாமல் காக்கும். ஆனால் காமா என்ற ஊடுருவும் கதிரை எந்த உடையும் நிறுத்தாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். விலையுயர்ந்த வெள்ளை உடை ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உண்மையிலேயே ஆபத்தானது.

காமாவிடமிருந்து காப்பது தூரம், நேரம், தடுப்பு. இதில் தூரத்தின் கணக்கு அழகானது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்று. ஐம்பது கியூரி (கதிரியக்கத்தின் அளவு) இரிடியம் துண்டு ஒன்று பெட்டியைவிட்டு வெளியே வந்து தரையில் கிடக்கிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட். உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் அலகு அது. கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஒரு ஆண்டுக்கு அனுமதிக்கும் சராசரி அளவு 20 மில்லிசீவர்ட். அது இங்கே ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு 2.4. முப்பது மீட்டரில் 0.27, அதாவது அதே 20 மில்லிசீவர்ட் சேர மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டும். அதே துண்டைக் கையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டால், ஒரு மீட்டரில் இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு அந்தத் தோலில் விழும். 1999இல் பெரு நாட்டில் ஒரு பற்றவைப்புத் தொழிலாளி அப்படி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு காலை இழந்தார். முப்பது மீட்டர் என்பது நான் கண்டுபிடித்த எண் இல்லை. என்னவென்று தெரியாத மூலம் வெளியில் கிடந்தால் முதல் கயிற்றை முப்பது மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்கிறது சர்வதேச அணுசக்தி முகமையின் கையேடு. நிறையச் சிந்தியிருந்தால் 100 மீட்டர், தீயோ வெடிப்போ இருந்தால் 300 மீட்டர். இந்த மூன்று எண்களையும் நிலையத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

இனி ஒரு அழைப்பைக் கற்பனை செய்வோம். ராத்திரி ஒரு மணி. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஜீப் ஒன்று கவிழ்ந்து வாய்க்கால் கரையில் கிடக்கிறது. போன் செய்தவர் சொல்கிறார்: "சார், டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டாரு, முன்பக்கம் எரியுது, பின்னாடி ஏதோ மஞ்சப் பெட்டி கிடக்கு, மூணு இலை மாதிரி படம் போட்டிருக்கு." அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் போனை எடுத்தவரின் காது நிமிர வேண்டும். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் என்றால் கதிரியக்கம். படிப்பறிவு இல்லாதவருக்கும் புரிய வேண்டும் என்று 2007இல் கொண்டுவந்த சிவப்புச் சின்னம் ஒன்றும் உண்டு: மேலே கதிர் வீசும் மூன்று இதழ், கீழே மண்டையோடு, ஓடும் ஆள். போன் செய்தவரிடம் "பெட்டியைத் தொடாதீங்கண்ணே, கூட்டத்தைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்கத் தெரிய வேண்டும். காற்றின் திசை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடியில் மேல்காற்று, மார்கழியில் வாடை. வைக்கோல் போர் எரியும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும். இங்கேயும் அதே பக்கம்தான்.

வண்டி போய் நிற்கிறது. அளவி போட்டாகிவிட்டது. டிரைவர் கத்துகிறார். இப்போது என்ன செய்வது?

போய்த் தூக்க வேண்டும். யோசனையே வேண்டாம். உயிரைக் காப்பதைக் கதிரியக்கம் இருக்கிறது என்பதற்காகத் தாமதிக்கக் கூடாது என்று அதே சர்வதேசக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. பெட்டி உடையாமல் இருந்தால் அதன் மேற்பரப்பிலேயே மணிக்கு 2 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போக்குவரத்து விதி. பத்து நிமிடம் ஒட்டி நின்று கம்பியை வெட்டினாலும் ஒரு மில்லிசீவர்ட்டில் பாதிகூட வராது. நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் வருவது இதைப்போல் பல மடங்கு. துண்டு வெளியே வந்திருந்தாலும், ஒரு மீட்டரில் ஐந்து நிமிடம் என்றால் முன்பு சொன்ன 20 மில்லிசீவர்ட். வாந்தி, ரத்த அணுக்கள் குறைவது போன்ற உடனடி நோய் தெரிய ஆயிரத்தை ஒட்டிப் போக வேண்டும். உயிர்காக்கும் வேலைக்கு, விவரம் தெரிந்து தானாக முன்வருபவருக்கு 500 மில்லிசீவர்ட் வரை வழிகாட்டு அளவு வைத்திருக்கிறார்கள். கருவி மணிக்கு 100 மில்லிசீவர்ட்டைத் தாண்டிக் காட்டினால் உயிர்காக்கும் வேலை மட்டும், அதுவும் அரைமணிக்குள். 1000ஐத் தாண்டினால் நிபுணர் சொல்லாமல் போகக் கூடாது. தெரியாமல் கையில் எடுப்பதாலும் சாவு வரும், தெரியாமல் பயந்து நின்று டிரைவரை எரியவிடுவதாலும் சாவு வரும். பயிற்சி இரண்டையும் தடுக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

உள்ளே போகிறவரின் பெயர், போன நேரம், சிலிண்டர் அழுத்தம் எல்லாவற்றையும் வெளியே ஒருவர் பலகையில் குறித்துக்கொள்வது மூச்சுக்கருவி வேலையில் பழைய பாடம். அந்தப் பலகையில் இன்னொரு கட்டம் போட்டு டோசிமீட்டர் எண்ணையும் எழுதினால் போதும். நாளைக்கு மருத்துவர் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

டிரைவரைத் தூக்கியாயிற்று, தீ இருக்கிறது. மூலம் ஏற்றிச் செல்லும் வலுவான பெட்டிகளை 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள், 800 டிகிரி தீயில் அரைமணி வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு ஜீப் தீயை அது தாங்கும். ஆனால் எல்லாப் பெட்டியும் அந்த வகை இல்லை. ஈயம் 327 டிகிரியில் உருகும். ஈயக் காப்பு உருகி ஓடிவிட்டால், இதுவரை அடங்கி இருந்த கதிர் வெளியே வரும். அதனால் பெட்டியைக் குளிரவைப்பது முக்கியம். எட்ட நின்று, பூந்தூறலாகத் தண்ணீர். பெட்டியை உருட்டிவிடும்படி வேகமாகப் பீய்ச்சக் கூடாது.

டெல்டாவுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய பாடம் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. இரிடியமும் கோபால்ட்டும் உலோகம், தண்ணீரில் கரையாது. சீசியம் குளோரைடு உப்பு மாதிரிக் கரையும். உடைந்தது எது என்று தெரியாதவரை கரையும் என்றே நினைத்து நடக்க வேண்டும். நீடாமங்கலத்துப் பக்கம்தான் மூணாறு தலைப்பு. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. தலைப்புக்கு மேலே ஒரு வாய்க்காலில் கலந்தது எத்தனை கன்னி வாய்க்கால் வழியாக எத்தனை வயலுக்குப் போகும் என்று கணக்குப் போட முடியாது. கலந்தது கொஞ்சமாக இருந்து, தண்ணீர் அதை ஆபத்தில்லாத அளவுக்குக் கரைத்துவிடலாம். ஆனால் அந்த நெல்லை யார் வாங்குவார்கள்? ஒரு வதந்தி போதும், ஒரு போகமே போய்விடும். எனவே பாய்ச்சும் தண்ணீர் சாலையோரத்திலேயே நிற்க வேண்டும். நல்லவேளையாக உலகத்திலேயே இதைச் சிறப்பாகச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டி வரப்பு எழுப்பி மடையை அடைக்கத் தெரியாத ஆள் டெல்டாவில் உண்டா? தீயணைப்பு வண்டியில் மண்வெட்டியும் காலிச் சாக்கும் கூடுதலாக வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. நீர்வளத் துறையில் மதகைத் திறந்து மூடும் லஸ்கருடைய போன் நம்பர் நிலைய அலுவலரிடம் இருந்தால், ராத்திரியிலேயே ஷட்டரை இறக்கச் சொல்லலாம். வெளிநாட்டுக் கையேடுகளில் வடிநீரைத் தடுக்கவும் என்று ஒரு வரி இருக்கும். நமக்கு அது ஒரு அத்தியாயமாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் கயிற்றோரத்தில் உடையைக் கழற்றிப் பையில் கட்டி அங்கேயே வைக்க வேண்டும், கையும் முகமும் கழுவிக் கருவியால் பார்க்கும்வரை டீ கூடக் குடிக்கக் கூடாது. அயோடின் மாத்திரை கேட்டு யாராவது ஓடுவார்கள். அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும், அணு உலை விபத்துக்கானது. இரிடியத்துக்கோ கோபால்ட்டுக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை.

பயத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். கொயானியாவில் அந்தக் குழந்தையின் சவப்பெட்டியை அடக்கம் செய்யப் போனபோது ஊர்க்காரர்கள் கல்லெறிந்தார்கள். நம் ஊரில் அப்படி நடக்காது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வேலைக்குப் போய்வந்த தீயணைப்பு வீரரைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் ஒதுங்கினால், குழந்தை பிறக்காது என்று யாராவது அவர் மனைவியிடம் சொன்னால், அடுத்த அழைப்புக்கு அவர் எப்படி மனசோடு போவார்? அவருக்குக் கிடைத்த அளவு இவ்வளவு, அது இன்ன ஸ்கேனுக்குச் சமம் என்று எழுதிக் கையில் கொடுப்பதும் பயிற்சியின் பகுதிதான். குடும்பத்தையும் ஒரு நாள் நிலையத்துக்குக் கூப்பிட்டு விளக்கலாம்.

செய்ய முடியாத பெரிய காரியங்களை நான் கேட்கவில்லை. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் இருக்கிறது, அவர்களுக்கு இதில் பயிற்சி உண்டு. அணுசக்தித் துறையின் நிபுணர்களும் வருவார்கள். ஆனால் அரக்கோணத்திலிருந்து நீடாமங்கலம் வர எத்தனை மணி நேரம்? அந்த இடைவெளியில் நிற்பது நாலைந்து தீயணைப்போர்தான். அவர்களுக்கு வேண்டியது மூலத்தைக் கையாளும் திறமை அல்ல. அடையாளம் காண, ஆளைத் தூக்க, கூட்டத்தைத் தள்ள, தண்ணீரை நிறுத்த, சரியான ஆளுக்குப் போன் செய்யத் தெரிந்தால் போதும். மாவட்டத்தில் எந்தெந்த இடத்தில் மூலம் இருக்கிறது, அங்கே பொறுப்பாளர் யார் என்ற பட்டியல் உரிமம் கொடுத்த வாரியத்திடம் இருக்கும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவர் ஆட்சியர்தான். அவர் வழியாக அந்தப் பட்டியல் ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்து, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். குழாய் சோதிக்க வெளியூரிலிருந்து கேமரா வந்தால், வந்த அன்றே நிலையத்துக்கு ஒரு போன் வர வேண்டும். கும்பகோணம், நாச்சியார்கோயில் பக்கம் பழைய பித்தளையை உருக்கி விளக்கும் பாத்திரமும் வார்க்கிறார்கள். அந்தப் பட்டறைகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் மூன்று இதழ்ச் சின்னத்தை அச்சிட்டு ஒட்டிவிட்டு வரலாம். அளவுக்கு மீறிக் கனக்கும் சின்னப் பெட்டி வந்தால் உடைக்காமல் 101க்குப் போன் செய்யச் சொல்லலாம்.

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்தோம். கூரையைப் பற்றியும் வழியைப் பற்றியும் அதன் பிறகுதான் ஊர் ஊராகச் சட்டம் பேசினோம். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதற்கு அந்த 'அதன் பிறகு' தான் காரணம்.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள சீசியம் குப்பி ஒன்று லாரியிலிருந்து விழுந்து, 1,400 கிலோமீட்டர் சாலையில் எங்கோ தொலைந்தது. தேடலை முன்னின்று நடத்தியது அந்த மாநிலத்தின் தீயணைப்பு, அவசரச் சேவைத் துறை. பிப்ரவரி 1ஆம் தேதி சாலையோரத்தில் கண்டுபிடித்தார்கள். பட்டாணி அளவு பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது, கருவியும் அதை நம்பும் பழக்கமும் இருந்ததால்.

அந்தப் பழக்கத்தை இங்கே தொடங்க ஒரு எளிய வழி உண்டு. கல்யாண ஊர்வலத்திலும் சாமி புறப்பாட்டிலும் முன்பு பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கி வருவார்கள். அதன் மேன்டிலில், அதாவது ஒளிவிடும் வலைத்திரியில், தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பழைய மேன்டில் ஒன்று எங்காவது பரணில் கிடைக்கும். உடையாமல், தூள் பறக்காமல் பாலித்தீன் பையில் ஒட்டிவைத்தால் ஆபத்தில்லை, ஆனால் அளவி அதைக் கண்டுகொள்ளும். முதலில் புது ஆட்களைக் கூட்டிப்போய் ஆற்று வண்டலில் ஒரு அளவு எடுக்கச் சொல்லலாம். பிறகு பெரிய கோயில் பிரகாரத்தின் கருங்கல் தரையில் ஒன்று. கருங்கல் சற்றுக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு; கதிர் எங்கும் எப்போதும் கொஞ்சம் இருக்கிறது என்று அப்போது கைக்குப் பழகும். திரும்பி வந்ததும், நிலையத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் ஹெல்மெட்டுகளில் ஏதோ ஒன்றின் அடியில் அந்த மேன்டிலை ஒளித்துவைத்து, கருவியைக் கையில் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஹெல்மெட்டாக, அவசரமில்லாமல், ஒரு சாண் தள்ளிக் கருவியை நகர்த்திக்கொண்டே போவார். ஏழாவதோ எட்டாவதோ வரும்போது டிக் டிக் சத்தம் நெருங்கும். அவர் நின்று, ஒரு அடி பின்னால் வந்து, எண்ணைச் சத்தமாகப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைப் பலகையில் எழுதிக்கொள்வார்.